கிண்டிக்குப் போன வெல்ல லாரி

நவம்பர் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை வந்தால் மெல்போர்னில் ஊரே லீவு. தீபாவளி சமயத்தில் விழுந்தாலும் லீவு தீபாவளிக்கு இல்லை, குதிரைக்கு. நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஆபீசில் ஒரு தொப்பியை என் மேஜைக்கு முன்னால் நீட்டினார்கள். உள்ளே சுருட்டிய சீட்டுகள். இரண்டு டாலர் போட்டு ஒரு சீட்டு எடுக்க வேண்டும், அதில் ஒரு குதிரையின் பெயர் இருக்கும். நான் ஏதோ நன்கொடை வசூல் என்று நினைத்து காசைப் போட்டுவிட்டு சீட்டை எடுக்காமலே "தேங்க் யூ" சொன்னேன். அந்தக் கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அந்தத் தொப்பி சமாசாரம் பெரிய விஷயமில்லை. போன வருடம் என் பையனுக்கு 18 முடிந்தது. முடிந்த வாரமே போனில் ஒரு ஆப் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். "அப்பா, ஹாண்டிகாப்னா என்ன? வெயிட் ஜாஸ்தி இருந்தா நல்ல குதிரையா, கெட்ட குதிரையா?"

எனக்கு ஒரு நிமிடம் வாய் வரவில்லை. ஏனென்றால் இதே கேள்வியை இதே வார்த்தைகளில் நான் சித்தூரில் என் பெரியப்பாவிடம் கேட்டிருக்கிறேன். அவர் காதில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து, மடியில் இருந்த ரேஸ் புக்கைப் பிரித்து, "வாடா இங்க" என்று பக்கத்தில் உட்கார வைத்தார். எனக்கு அரை, கால், முக்கால் கணக்கு வந்தது பள்ளிக்கூடத்தில் இல்லை.

பெரியப்பாவுக்கு சித்தூரில் வெல்ல மண்டி. வெல்லத்துக்கும் மாம்பழத்துக்கும் பேர்போன ஊர் அது. வியாபாரம் தெலுங்கில், சண்டை தமிழில், கணக்குப் புத்தகம் இரண்டும் கலந்து என்று ஓடும். மெட்ராஸுக்கு வெல்லம் ஏற்றிப் போகும் லாரியில் சீசன் சமயத்தில் அவரும் ஏறிக்கொள்வார். "கொத்தவால் சாவடியில பாக்கி வசூல் இருக்கு" என்பார். பாக்கி கொத்தவால் சாவடியில், பார்ட்டி கிண்டியில் என்பது பெரியம்மாவுக்குத் தெரியும்.

சித்தூரின் இருப்பிடம் அப்படி. ஒரு பக்கம் மெட்ராஸ் சுமார் 150 கிலோமீட்டர், இன்னொரு பக்கம் பெங்களூர் சுமார் 180. இரண்டு ஊரிலும் ரேஸ் கோர்ஸ். நடுவில் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஊரில் ஒரு குதிரைகூட ஓடாது. ஒரு காலத்தில் ஓடியது, ஆனால் அது பந்தயத்துக்காக இல்லை. ஹைதர் அலி 1780இல் தன் குதிரைப் படையோடு இந்தப் பக்கமெல்லாம் இறங்கினார். 1782 டிசம்பரில் சித்தூருக்குப் பக்கத்தில் பாளையம் இறங்கியிருந்தபோதுதான் செத்தும் போனார். வெள்ளைக்காரர்கள் மெட்ராஸில் குதிரை விட ஆரம்பித்ததும் கிட்டத்தட்ட அந்தக் காலகட்டத்தில்தான். இப்போதைய மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் உருவானது.

சரி, பையனின் கேள்விக்கு வருகிறேன்.

ஹாண்டிகாப் என்ற வார்த்தையே ஒரு தொப்பியில் இருந்து வந்தது. பழைய இங்கிலாந்தில் இரண்டு பேர் பொருளை மாற்றிக்கொள்ளும்போது, எது உசத்தி, எவ்வளவு ஈடு கட்ட வேண்டும் என்று மூன்றாவது ஆள் ஒருவர் சொல்வார். சம்மதமா இல்லையா என்பதைத் தொப்பிக்குள் கையை விட்டு எடுத்துக் காட்டுவார்கள். தொப்பிக்குள் கை, அவ்வளவுதான். 1660இல் சாமுவேல் பீப்ஸ் தன் டைரியில் இந்த விளையாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். அது பிறகு குதிரைக்கு வந்தது. நல்ல குதிரையும் சுமார் குதிரையும் ஓடினால் நல்லதுதான் ஜெயிக்கும், யார் பணம் கட்டுவார்கள்? அதனால் மூன்றாவது ஆள் ஒருவர் நல்ல குதிரையின் முதுகில் எடையை ஏற்றுகிறார். 1855இல் அட்மிரல் ரூஸ் என்கிற ஓய்வு பெற்ற கடற்படைக்காரர் இங்கிலாந்தில் அந்த வேலைக்கு வந்தார். குதிரையின் வயசு, மாதம், தூரம் மூன்றையும் வைத்து அவர் போட்ட எடை அட்டவணையின் வாரிசுகள்தான் உலகம் முழுக்க இன்றும் ஓடுகின்றன.

நம் ஊரில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு ரேட்டிங் உண்டு. ஒரு பாயின்டுக்கு அரை கிலோ. ரேட்டிங் 60 இருக்கும் குதிரை 60 கிலோ சுமந்தால், அதே ரேஸில் ரேட்டிங் 44 இருக்கும் குதிரை 52 கிலோ சுமக்கும். வித்தியாசம் 16 பாயின்ட், எடையில் 8 கிலோ. ஜாக்கியும் சேணமும் சேர்ந்து எடை போதவில்லையென்றால் சேணத்தின் பையில் ஈயத் தகடு வைப்பார்கள். குதிரை ஜெயித்தால் ரேட்டிங் ஏறும், அடுத்த தடவை கூடுதல் சுமை. தோற்றுக்கொண்டே இருந்தால் இறங்கும். ஆகவே, மகனே, வெயிட் அதிகம் என்றால் நல்ல குதிரை. ஆனால் ஹாண்டிகாப்பர் கணக்குப்படி அந்த நல்லதனம் முழுசும் ஏற்கெனவே வசூல் பண்ணப்பட்டாகிவிட்டது.

இதற்கு மெல்போர்ன் கப்பை விட நல்ல உதாரணம் கிடைக்காது. 1861இல் ஆரம்பித்தது, முதலில் 2 மைல், 1972இலிருந்து 3200 மீட்டர். இத்தனை புகழ் இருந்தும் இது ஹாண்டிகாப் ரேஸ்தான். ஃபார் லாப் என்ற குதிரை 1930இல் 62.5 கிலோ சுமந்து ஜெயித்தது. மறு வருடம் அதன் முதுகில் 10 ஸ்டோன் 10 பவுண்டு ஏற்றினார்கள், அதாவது 68 கிலோ. எட்டாவதாக வந்தது. அந்த வருடம் ஜெயித்த ஒயிட் நோஸ் சுமந்தது 6 ஸ்டோன் 12 பவுண்டு, 43.5 கிலோ. கிட்டத்தட்ட ஒரு மூட்டை சிமென்டில் பாதி அளவுக்கு வித்தியாசம். ஃபார் லாப் அடுத்த ஏப்ரலில் அமெரிக்காவில் செத்துப்போக, தோலை மெல்போர்ன் மியூசியத்திலும், இதயத்தைக் கான்பெராவிலும், எலும்புக் கூட்டை நியூசிலாந்திலும் பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்களை நான் தவறாமல் கூட்டிப்போய்க் காட்டுகிற இடம். "செத்த குதிரையைப் பார்க்கவா டிக்கெட்?" என்று என் மாமியார் கேட்டது தனிக்கதை.

பெரியப்பா ரேஸ் புக்கில் எதையெல்லாம் பார்ப்பார் என்று எனக்கு இன்னும் மனப்பாடம். கடைசி ஐந்து ஓட்டத்தில் எத்தனாவது வந்தது. அப்போது என்ன சுமந்தது, இப்போது என்ன. 1200 மீட்டர் குதிரையை 1600க்குக் கொண்டுவந்திருக்கிறார்களா. மேல் வகுப்பில் தோற்றுக் கீழ் வகுப்புக்கு இறங்கியிருக்கிறதா. ஜாக்கி யார், போன தடவையும் அவரேதானா. எந்த கேட்டிலிருந்து கிளம்புகிறது. மழை பெய்ததா, பெனட்ரோமீட்டர் என்ன காட்டுகிறது. காலை டிராக் வொர்க்கில் என்ன டைமிங். குறுகிய தூரத்தில் ஒன்றரை கிலோவுக்கு ஒரு குதிரை நீளம் என்பது அவருடைய வாய்பாடு. தூரம் கூடக்கூட அதே ஒரு நீளத்துக்குக் குறைந்த எடையே போதும் என்பார். உலகத்தில் எங்கே போனாலும் பால பாடம் இதுதான். இங்கே ஆயிரம் டாலர் வாங்கிக்கொண்டு வகுப்பு எடுக்கிறவர்களிடமும் இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. பெரியப்பா நிஜமாகவே கெட்டிக்காரர். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

அவர் இறந்த பிறகு அவருடைய நீல அட்டை நோட்டு என் கைக்கு வந்தது. எந்தத் தேதி, எந்தக் குதிரை, எவ்வளவு கட்டினார், எவ்வளவு வந்தது, எல்லாம் அழகான கையெழுத்தில். ஒரு கிறிஸ்துமஸ் லீவில் எக்ஸெலில் ஏற்றிப் பார்த்தேன். மூன்றுக்கு ஒன்று ஜெயித்திருக்கிறார். எந்த நாட்டிலும் ஃபேவரிட் குதிரைகள் ஏறக்குறைய அந்த விகிதத்தில்தான் ஜெயிக்கின்றன. அப்படியிருந்தும் ஒவ்வொரு வருடமும் நஷ்டம். ஒரு வருடம்கூடத் தப்பவில்லை.

ஏன் என்று பையனுக்குக் காட்ட ஒரு கணக்குப் போட்டேன். ஐந்து குதிரை ஓடுகிறது. புக்கி தரும் விலை: முதல் குதிரைக்கு ஈவன்ஸ், அடுத்ததற்கு 2க்கு 1, அடுத்து 4க்கு 1, கடைசி இரண்டுக்கும் 9க்கு 1. விலையைச் சதவீதமாக்கினால் 50, 33.3, 20, 10, 10. கூட்டினால் 123.3. ஐந்தில் ஒன்றுதானே ஜெயிக்கப் போகிறது, கூட்டல் 100 தானே வர வேண்டும்? எந்தக் குதிரை வந்தாலும் 100 ரூபாய் திரும்பக் கிடைக்கிற மாதிரி ஐந்திலும் பிரித்துக் கட்டினால் 123 ரூபாய் ஆகும். அதாவது கட்டுகிற ஒவ்வொரு 100 ரூபாயிலும் 19 ரூபாய் கதவைத் திறப்பதற்கு முன்பே போய்விட்டது.

டோட் என்பது இதைவிட நாணயமான ஏற்பாடு. எல்லாருடைய பணமும் ஒரு குடத்தில் விழும், கமிஷனும் வரியும் எடுத்துக்கொண்டு மீதியை ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்வார்கள். 1860களில் பாரிஸில் ஜோசஃப் ஒல்லே என்பவர் கண்டுபிடித்தது. குடத்தில் ஒரு லட்சம் விழுந்து 20 சதவீதம் பிடித்தால் பங்கு போட 80,000. ஜெயித்த குதிரை மேல் 16,000 விழுந்திருந்தால் 10 ரூபாய் டிக்கெட்டுக்கு 50. இதைக் கணக்குப் போடும் ராட்சத இயந்திரத்தை ஜார்ஜ் ஜூலியஸ் என்ற இன்ஜினீயர் செய்தார். அது முதன்முதலில் 1913இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஓடியது. அவர் அதைத் தேர்தலில் ஓட்டு எண்ணத்தான் யோசித்தாராம், ஆஸ்திரேலியாவில் வேண்டாம் என்றுவிட்டார்கள். அப்பா பாதிரியார்களுக்குத் தலைவரான பிஷப், பிள்ளை சூதாட்டத்துக்கு மெஷின். கடவுளின் கணக்கு வேறு.

சட்டத்துக்கு வருவோம், அதில்தான் சித்தூர்க்காரனுக்கு ருசி.

பழைய மெட்ராஸ் சூதாட்டச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டலாம், ஆனால் பந்தயம் நடக்கும் அன்றைக்கு, ரேஸ் கோர்ஸின் வேலிக்குள் அதற்காக ஒதுக்கிய இடத்தில் மட்டும். வேலிக்கு வெளியே அதே குதிரை, அதே பணம், அதே நிமிடம் என்றாலும் குற்றம். 1949இல் இந்த விதிவிலக்கையே தூக்கிவிட மெட்ராஸில் ஒரு திருத்தச் சட்டம் போட்டார்கள். அப்போது சித்தூரும் திருப்பதியும் மெட்ராஸ் மாகாணம். சட்டம் போட்டார்களே தவிர அமலுக்குக் கொண்டுவரவில்லை. 26 வருடம் அலமாரியில் தூங்கியது. அதற்குள் 1953இல் ஆந்திரா பிரிந்து நாங்கள் அந்தப் பக்கம் போய்விட்டோம். 1974இல் கலைஞர் ஆட்சியில் பந்தயத்தையே ஒழிக்கத் தனிச் சட்டம் வந்தது. தூங்கிய 1949 சட்டத்தையும் 1975 மார்ச் 31இல் எழுப்பினார்கள். பெரியப்பா அன்றைக்கு மண்டியைத் திறக்கவில்லை என்று பெரியம்மா சொல்வார்.

கிளப் கோர்ட்டுக்குப் போனது. 1986இல் எம்.ஜி.ஆர். அரசு கிளப்பையே எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் போட, வழக்கு மேல் வழக்கு. கடைசியில் 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு வந்தது. குதிரைப் பந்தயம் அதிர்ஷ்ட ஆட்டம் இல்லை, பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, ஆகவே இந்தச் சட்டங்களில் சொல்லும் சூதாட்டத்துக்குள் வராது. 1986 சட்டமும் செல்லாது. இதற்கு அடியுரமாக இருந்த பழைய தீர்ப்புகளில் ஒன்று ஆந்திராவிலிருந்து போன ரம்மி வழக்கு. செகந்திராபாத் கிளப் ஒன்றில் ஆடியதைப் பற்றியது.

தீர்ப்பைக் கேட்டதும் பெரியப்பாவுக்கு மஞ்சக்குளி நீராட்டு நடந்த மாதிரி சந்தோஷம். அந்த ஜனவரியில் நான் ஊரில் இருந்தேன். "பாத்தியாடா, சுப்ரீம் கோர்ட்டே சொல்லிட்டான், இது புத்திசாலிங்க ஆட்டம்" என்றார். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தோன்றுவது இது. கோர்ட்டில் இருந்த கேள்வி, இது சட்டப்படி சூதாட்டமா இல்லையா என்பது. நாகப்பட்டினத்துக்காரரோ சித்தூர்க்காரரோ இதில் சம்பாதிப்பாரா என்பது கேள்வியே இல்லை. திறமை வேண்டும்தான். ஆனால் உன்னைப் போலவே திறமைசாலிகள் ஆயிரம் பேர் அதே ரேஸ் புக்கைப் படித்திருக்கிறார்கள், விலை அவர்கள் எல்லாருடைய மூளையையும் சேர்த்துத்தான் நிற்கிறது. இன்னொரு பக்கம் ஹாண்டிகாப்பர், எல்லாக் குதிரையும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட வேண்டும் என்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவர். அவர் வேலையை எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறாரோ அவ்வளவுக்கு உன் திறமைக்கு வேலை குறைவு. குதிரை வளர்க்கிற எம்.ஏ.எம். ராமசாமி போன்றவர்கள் கிளாசிக் கப்புகளாக அள்ளினார்கள், உண்மை. அது குதிரைக்காரரின் திறமை. டிக்கெட் வாங்குகிறவர் வேறு ஜாதி.

அதுவும் பெரியப்பா கடைசி வருடங்களில் வேலிக்குள்ளேகூடப் போகவில்லை. முழங்கால் வலி, லாரி ஏற முடியாது. ஊரிலேயே ஒரு கடைக்குப் பின்புற அறையில் போன் வைத்து ஒருவர் பந்தயம் பிடித்தார். கிண்டி, பெங்களூர், ஹைதராபாத் எதுவானாலும் சரி, கடனுக்கும் சரி. கிண்டியில் கையிலிருக்கும் காசு தீர்ந்தால் பஸ் ஏறித்தான் ஆக வேண்டும். அந்த அறையில் காசு தீர்வதே இல்லை. கிரீம்ஸ்பேட்டை வீட்டின் பத்திரம் போனது அந்த அறையில்தான். பெரியம்மா மூன்று பிள்ளைகளோடு எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்தார். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று இரவு எல்லாருக்கும் பெரியம்மாவே தோசை வார்த்தார்.

அதற்கப்புறம் பெரியப்பா சனிக்கிழமைகளில் திருமலைக்கு நடந்து ஏறினார். எதிரே ஹாதிராம் பாவாஜி மடம். அந்தக் கதை எங்கள் பக்கத்தில் எல்லாக் குழந்தைக்கும் தெரியும். வடக்கே இருந்து வந்த பாவாஜியோடு ராத்திரியில் பெருமாளே வந்து சொக்கட்டான் ஆடுவாராம். ஒரு நாள் ஆட்ட மும்முரத்தில் நகையை வைத்துவிட்டுப் போய்விட, திருட்டுப் பழி பாவாஜி மேல் விழுந்தது. ஒரு அறை நிறையக் கரும்பைப் போட்டு, விடிவதற்குள் தின்றால் உன்னை நம்புகிறோம் என்றார்கள். பெருமாள் யானையாக வந்து தின்று தீர்த்தார். அந்த மடத்து மகந்துகள் பின்னால் 1843லிருந்து 1933 வரை கோயில் நிர்வாகத்தையே நடத்தினார்கள், பிறகுதான் தேவஸ்தானம் வந்தது. பெரியப்பா இந்தக் கதையை எனக்குச் சொல்லும்போது கடைசியில் சேர்த்துக்கொள்வார்: "பாவாஜி என்ன பந்தயம் கட்டினார்னு எந்தப் புஸ்தகத்திலும் இல்லைடா."

இப்போது இந்தியாவில் நிலைமை வேறு. 2023 அக்டோபரிலிருந்து பந்தயத்தில் கட்டுகிற முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் அது 40. நூறு ரூபாய் கட்டினால் நாற்பது வரி, குதிரை கேட்டை விட்டுக் கிளம்பும் முன்பே. ஜெயித்த பணத்துக்குத் தனியாக 30 சதவீத வருமான வரி. நான் மேலே போட்ட 19 ரூபாய்க் கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள், நீல நோட்டே வேண்டாம். இங்கே ஆஸ்திரேலியாவில் சாதாரண ஆட்கள் ஜெயித்ததற்கு வரி கிடையாது. அதைப் பெருமையாகச் சொல்கிற நம்மவர்களைப் பார்க்கிறேன். தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் உலகத்திலேயே அதிகம் சூதில் விடுகிற நாடு இதுதான் என்பதை அதே மூச்சில் சொல்ல மாட்டார்கள். சித்தூரின் பின்புற அறை இங்கே சட்டபூர்வமாக எல்லாப் பையன்களின் பாக்கெட்டிலும் இருக்கிறது.

பையனிடம் ஆப்பை எடு என்று சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற வயசா? நீல நோட்டின் ஜெராக்ஸையும் எக்ஸெலையும் கொடுத்தேன். அவன் புள்ளிவிவரம் படிக்கிறவன். மூன்று நாள் கழித்து, அவனுடைய ஆப்பில் ஒரு ரேஸின் விலைகளைக் கூட்டி 118 வருகிறது என்று காட்டினான். "தாத்தா இதைக் கூட்டியே பாக்கலையாப்பா?" என்றான். நோட்டில் எல்லாக் கூட்டலும் இருக்கிறது, அந்த ஒன்று மட்டும் இல்லை. ஆப் இன்னும் போனில் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. இருக்கும் என்றே நினைக்கிறேன்.

2024 செப்டம்பர் 9 அன்று தமிழக அரசு கிண்டி ரேஸ் கோர்ஸுக்கு சீல் வைத்தது. 1946லிருந்து 99 வருடத்துக்கு, வருடம் 614 ரூபாய்ச் சொச்சம் வாடகைக்குக் கொடுத்திருந்த 160 ஏக்கர். வாடகை பாக்கி என்று அரசு சொன்ன தொகை 730 கோடி. வழக்கு கோர்ட்டுக்குப் போனது. ஊட்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை அதே வருடம் ஜூனிலேயே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த தடவை ஊருக்குப் போனபோது பெரியம்மாவைப் பார்த்தேன். வயசு எண்பத்தி ஆறு. காது மந்தம், ஞாபகம் கத்தி.

"பெரியம்மா, கிண்டி ரேஸ் கோர்ஸை மூடிட்டாங்க, தெரியுமா?"

"யாரு?"

"கவர்மென்ட்டு. சீல் வெச்சுட்டாங்க."

கொஞ்ச நேரம் கையிலிருந்த முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே இருந்தார்.

"அந்த எடத்துல என்னா பண்ணப் போறாங்களாம்?"

"பார்க் வருமாம். மழைத் தண்ணி நிக்கறதுக்குக் குளம் வெட்டறாங்களாம்."

"பள்ளமா வெட்டச் சொல்லு," என்றார். "அந்தப் பக்கம் தண்ணி நிக்கும்னு உங்க பெரியப்பா சொல்வாரு. மழை பேஞ்சா கட்டவே மாட்டேன்னு சொல்வாரு. அப்புறம் கட்டுவாரு."